கதவு திறக்கட்டும்; கணக்கு எங்கே?

"ஃபோர்டு திரும்பி வருகிறது!" 2025 நவம்பர் முதல் நாள் ஏடுகள் கொட்டை எழுத்தில் தந்த சேதி இது. மதுரை புதூரில், தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அருகேயுள்ள தேநீர்க் கடையில் ஒருவர் அதை உரக்கப் படித்தார். நாலைந்து பேர் காது கொடுத்தனர். நாமும் நின்று கேட்டோம். கோடிக் கணக்கை அவர் படித்து முடித்ததும், பெஞ்சில் அமர்ந்திருந்த பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை பேருக்கு வேலையாம்?"

"அறுநூறு பேருக்கு மேலே."

"முன்னே மூடினானே, அப்போ எத்தனை பேரு வெளியே போனாங்க?"

படித்தவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அந்தக் கணக்கு அங்கே இல்லை. நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம்: மறைமலைநகர் ஆலையில் மட்டும் சுமார் 2,600 பேர். பெரியவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

மகிழ்ச்சியடைய வேண்டாமென்று நாம் கூறவில்லை, தோழர்களே! பூட்டிய ஆலையின் பூட்டைத் திறக்க வைப்பது சின்னக் காரியமல்ல. 2024 செப்டம்பரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அமெரிக்கா சென்றபோது ஃபோர்டு நிர்வாகத்தாரைச் சந்தித்துப் பேசினார். சில நாட்களில், ஏற்றுமதிக்காக ஆலையை மீண்டும் இயக்க எண்ணுகிறோம் என்று கம்பெனி எழுத்து மூலம் அறிவித்தது. 2025 அக்டோபர் 31 அன்று ஒப்பந்தம் வெளியாயிற்று. முதலீடு 3,250 கோடி ரூபாய். ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள். உற்பத்தி தொடங்கும் ஆண்டு 2029. குஜராத்தின் சனந்தில் ஃபோர்டு கட்டிய மற்றோர் ஆலை டாட்டா நிறுவனத்துக்குக் கைமாறிப் போய்விட்டது. நம் ஆலை கைமாறவில்லை. இதெல்லாம் வரவில் எழுதவேண்டியவைதாம்.

ஆனால், வருகிறவர் யார்? அவர் கதை என்ன? எப்போது கொடுத்தார், எதனால் கொடுத்தார், எப்போது கையை விரித்தார்? மாலை தொடுக்குமுன் இதையும் பார்த்துவிடுவது நல்லது.

ஹென்றி ஃபோர்டு உழவர் வீட்டுப் பிள்ளை. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் உழவுத் தொழில் பிடிக்காமல் ஸ்பானரைப் பிடித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் உண்டல்லவா, அந்த ரகம். 1863-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர், நாற்பதாவது வயதில், 1903 ஜூன் மாதம், 28,000 டாலர் ரொக்க மூலதனத்தோடு கம்பெனியைத் தொடங்கினார். 1908-ல் 'மாடல் டி' என்ற கார் வந்தது. விலை 850 டாலர். சீமான்களின் விளையாட்டுப் பொருளாக இருந்த மோட்டாரை, பள்ளி ஆசிரியரும் பண்ணைக்காரரும் வாங்கக் கூடிய பண்டமாக்கியது அந்தக் கார்.

எப்படி முடிந்தது? 1913-ல், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையில், ஆள் காரைத் தேடிப் போகாமல் கார் ஆளைத் தேடி வரும்படி செய்தார். ஓடும் சங்கிலியில் வண்டிச் சட்டம் நகரும், ஒருவன் ஆணியை வைப்பான், அடுத்தவன் நட்டைப் போடுவான், அதற்கடுத்தவன் முடுக்குவான். அவ்வளவுதான் அவனவன் வேலை. காலை முதல் மாலைவரை அதே நட்டு, அதே முடுக்கு! ஒரு வண்டியைப் பூட்ட பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது, ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிற்று. உலகம் வியந்தது. முதலாளிகள் ஓடோடிச் சென்று பார்த்தார்கள்.

தொழிலாளி என்ன செய்தான் தெரியுமா? ஓடிப் போனான்! ஆம், சங்கம் இல்லை, மறியல் இல்லை, மேடை இல்லை, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனான். 14,000 பேர் வேலை பார்க்கும் ஆலையில், அந்த எண்ணிக்கை குறையாமல் காப்பாற்ற, ஒரே ஆண்டில் 52,000 பேரைச் சேர்க்கவேண்டி வந்தது. இன்று கற்றுக் கொடுத்தவன் நாளை இல்லை. சங்கிலி ஓடுகிறது, பக்கத்தில் நிற்க ஆளில்லை. ஆளில்லாத சங்கிலி கார் கட்டுமா?

அப்போதுதான் பிறந்தது, உலகமே பேசிய அந்த ஐந்து டாலர் கூலி. 1914 ஜனவரி 5 அன்று அறிவிப்பு: ஒன்பது மணி நேரத்துக்கு இரண்டு டாலர் சொச்சமாக இருந்த கூலி, எட்டு மணி நேரத்துக்கு ஐந்து டாலர். வள்ளல் என்றார்கள், கர்ணன் என்று நம் ஊரிலே சொல்லியிருப்பார்கள். ஆலை வாசலிலே கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. உறைபனிக் காலம். வேலை கேட்டு வந்த ஏழைகள்மீது தீயணைப்புக் குழாயைத் திருப்பித் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கலைத்தார்கள். வள்ளல் வீட்டு வாசலில் நடந்த வரவேற்பு அது!

அந்த ஐந்து டாலரும் எல்லோருக்கும் அல்ல. ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். ஒழுக்கமாக வாழ்கிறான் என்று கம்பெனி சான்று தரவேண்டும். அதற்கென ஓர் இலாகா. அதன் ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்கே வருவார்கள்: குடிக்கிறானா, பணம் சேர்க்கிறானா, வீடு சுத்தமா, மனைவியோடு ஒழுங்காக வாழ்கிறானா என்று விசாரிப்பார்கள். கூலி கொடுப்பவன் அடுப்பங்கரைவரை எட்டிப் பார்க்கலாமா என்று கேட்க அன்று ஆளில்லை.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கூலி உயர்ந்ததால் கம்பெனி குடைசாய்ந்து விடவில்லை. ஓடிப் போனவர்கள் நின்றார்கள், உற்பத்தி பெருகிற்று, காரின் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கிற்று, 1927 மே மாதத்தில் ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளிவந்தது. கூலி கேட்டால் தொழில் அழிந்துவிடும் என்று இன்றைக்கும் நம்மிடம் பாடம் நடத்துகிறவர்களுக்கு, இதை நாம் சொல்லத் தேவையில்லை. ஃபோர்டு கம்பெனியின் கணக்குப் புத்தகமே சொல்லும்.

ஆள் ஓடிப்போய் விடுவான் என்ற அச்சம் இருந்தவரை தாராளம் இருந்தது. அச்சம் தீர்ந்ததும்? 1930-களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. வேலையிழந்தவர்கள் 1932 மார்ச் 7 அன்று டெட்ராய்ட்டிலிருந்து டியர்பார்னில் உள்ள ஃபோர்டின் ரூஜ் ஆலை நோக்கி ஊர்வலமாகச் சென்றார்கள். வேலை கொடு என்பதுதான் கோரிக்கை. போலீசும் கம்பெனிக் காவலரும் சுட்டார்கள். நான்கு பேர் மாண்டார்கள். காயம்பட்ட ஐந்தாமவரும் பிறகு இறந்தார். 1937 மே 26 அன்று அதே ஆலையின் நடைபாலத்தில், துண்டறிக்கை கொடுக்க வந்த மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் வால்டர் ராய்தரையும் தோழர்களையும் கம்பெனியின் அடியாட்கள் புரட்டி எடுத்தார்கள். பத்திரிகைப் படக்காரர்கள் அங்கே இருந்ததால்தான் உலகம் அதைக் கண்டது.

ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய பெரிய கார்க் கம்பெனிகள் 1937-லேயே சங்கத்துக்கு இறங்கி வந்தன. ஃபோர்டு மட்டும் இறங்கவில்லை. 1941 ஏப்ரலில் ரூஜ் ஆலையே வேலைநிறுத்தத்தில் அசைவற்று நின்றபின், அவ்வாண்டு ஜூனில்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது. 1914-ல் ஆளில்லாத கஷ்டம் கூலியைக் கொண்டுவந்தது. 1941-ல் ஆள் திரண்ட பலம் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. வள்ளல் தன்மை எந்த ஆண்டில் வந்தது என்று நாமும் தேடிப் பார்த்தோம், தென்படவில்லை.

அமெரிக்காக் கதை நமக்கெதற்கு என்று கேட்கத் தோன்றும். கடலைத் தாண்டி அந்தக் கம்பெனிகள் இங்கே வந்து வெகு காலமாகிறது. 1926-ல் ஃபோர்டு இந்தியாவில் கம்பெனி வைத்து பம்பாய், சென்னை, கல்கத்தா நகரங்களில் வண்டி பூட்டிற்று. 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் ஆலை போட்டது. பூட்டிற்று என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். செய்யவில்லை, பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்த பாகங்களைப் பிரித்து, முடுக்கி, வண்ணம் பூசி, விற்றார்கள்.

அந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு ஏஜென்சி எடுத்தவர்கள், நம் மதுரை மேல வெளி வீதியிலே தலைமையகம் வைத்திருந்த டி. வி. எஸ். நிறுவனத்தார். 1911-ல் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய அந்த நிறுவனம் பஸ்ஸும் லாரியும் ஓட்டிற்று. அந்தப் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக் கொள்ளலாம் என்று பழைய மதுரைக்காரர்கள் இன்றும் சொல்லுவார்கள். (பின்னாளில், 1972-ல், அந்தப் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைத்தது. அது தனிக் கதை; அதைப் பேச இந்தப் பத்தி போதாது.)

1953-ல் நடந்ததுதான் நாம் நினைவில் வைக்கவேண்டிய செய்தி. மோட்டார்த் தொழிலை ஆராய்ந்த டாரிஃப் கமிஷன் கூறியது: பாகங்களை இங்கேயே செய்யும் திட்டம் இல்லாமல், வெறுமனே பூட்டி விற்கிறவர்கள் தொழிலை நிறுத்திக் கொள்ளட்டும். மத்திய அரசு அதை ஏற்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. ஐயோ போய்விட்டார்களே என்று அன்றும் அழுதவர்கள் உண்டு. என்ன ஆயிற்று? வண்டி விற்ற டி. வி. எஸ். குழுமம் வண்டிக்கு வேண்டிய பாகங்களைச் செய்யப் புகுந்தது. 1960-களின் தொடக்கத்தில் சென்னை பாடியில் சக்கரம், பிரேக்கு, மின்கருவி என்று ஆலை ஆலையாக எழும்பிற்று. அயல்நாட்டுக் கூட்டுறவு இருந்தது, ஆனால் செய்த கை நம் கை. 1992-ல் அதே குழுமத்தின் சுந்தரம் ஃபாஸனர்ஸ், ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பும் ஒப்பந்தத்தைப் பெற்றது! அமெரிக்கக்காரன் பெட்டியில் அனுப்பியதை முடுக்கிக் கொண்டிருந்த நாடு, அவனுக்கே மூடி செய்து அனுப்பிற்று. 'செய், இல்லையேல் செல்' என்று சொல்லும் துணிவு ஓர் அரசுக்கு இருந்ததால் வந்த வளர்ச்சி. அதன் பங்கு டி. வி. எஸ். முதலாளிகளுக்குப் போன அளவு தொழிலாளிக்கு வந்ததா என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான்.

காலம் மாறிற்று, கொள்கையும் மாறிற்று. 1995-ல் மகேந்திராவோடு கூட்டுச் சேர்ந்து ஃபோர்டு மறுபடி வந்தது. பிறகு பெரும் பங்கைத் தானே வைத்துக் கொண்டது. இடம், செங்கற்பட்டுக்கு வடக்கே மறைமலைநகர். தனித்தமிழ் வளர்த்த மறைமலையடிகள் பெயர் தாங்கிய ஊரில் ஆங்கிலப் பெயர்ப் பலகை! போகட்டும், பலகை எந்த மொழியிலிருந்தாலும் பானையில் அரிசி வெந்தது. மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் பஸ் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. புதூர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டரும் டர்னரும் படித்த பிள்ளைகளுக்கு, மாட்டுத்தாவணியில் ஏறினால் விடியலில் இறங்கும் ஊர்களாக மறைமலைநகரும் ஒரகடமும் ஆயின. 1999-ல் ஐகான், 2010-ல் ஃபிகோ, 2013-ல் ஈகோஸ்போர்ட். ஆண்டுக்கு 2 லட்சம் கார், 3,40,000 எஞ்சின் செய்யும் திறன். 2018 முதல் அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட் கார், மறைமலைநகரில் செய்த கார். ஹென்றி ஃபோர்டின் ஊர்ச் சாலையில் நம் பிள்ளை முடுக்கிய வண்டி ஓடிற்று. அவன் கையிலே என்ன குறை?

குறை கண்டவர்கள் டியர்பார்னில் இருந்தார்கள். 2021 செப்டம்பர் 9 அன்று அறிவிப்பு வந்தது: பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இந்தியாவில் கார் உற்பத்தி நிறுத்தம், இரண்டு ஆலைகளிலுமாக ஏறக்குறைய 4,000 பேர் பாதிக்கப்படுவர். எந்தக் காரைச் செய்வது, என்ன விலை வைப்பது, எத்தனை செலவில் இரண்டாவது ஆலை கட்டுவது என்ற எந்த முடிவிலும் தொழிலாளியைக் கேட்கவில்லை. முடிவு தப்பாய்ப் போனதும் தண்டனை மட்டும் அவனுக்கு! இன்னொன்றையும் பாருங்கள்: கணினி முன் அமர்ந்து ஃபோர்டின் உலக அலுவல்களைக் கவனிக்கும் ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள், ஆலை மூடியபின்பும் அந்த அலுவலகம் நடந்தது. 2024-ல் அவர்கள் 12,000 பேர் என்று கம்பெனியே கூறிற்று. நாட்டை விட்டுக் கம்பெனி போகவில்லை. நட்டு முடுக்கியவன்தான் போனான்.

மூடும் ஆலையில் சட்டம் என்ன தருகிறது? வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். பதினைந்தே நாள்! மறைமலைநகர்த் தொழிலாளர்கள் அதை ஏற்று வீட்டுக்குப் போகவில்லை. 2022 மே இறுதியில், கடைசி ஏற்றுமதிக் கார்கள் சங்கிலியில் இருந்த நேரம் பார்த்து, வேலையை நிறுத்தினார்கள். சங்கிலி நின்றால் கப்பல் காத்திருக்கும்; கப்பல் காத்திருந்தால் டியர்பார்னுக்குத் தந்தி பறக்கும், நம் காலத்தில் மின்னஞ்சல். பேச்சு நடந்தது. ஆண்டுக்கு 115 நாள் சம்பளம் என்று நின்ற கம்பெனி, முடிவில் சராசரி 130 நாள் என்று வந்தது. அவ்வாண்டு ஜூலை 20 அன்று கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. மாலை போட்டுப் படம் எடுத்தார்கள்.

பதினைந்து எங்கே, நூற்று முப்பது எங்கே! இடையிலுள்ள 115 நாள் கூலியைக் கம்பெனி தானமாகத் தரவில்லை. ஒற்றுமையாக நின்றவர்கள் வாங்கினார்கள். ஆனால் அதே வேலிக்குள் கான்ட்ராக்டில் இருந்தவனுக்கும், உதிரிபாகம் செய்து கொடுத்த சிற்றாலைக்காரனுக்கும் அந்த நூற்று முப்பது இல்லை. இதை மறந்துவிட்டு வெற்றி விழா கொண்டாட நாம் தயாரில்லை.

இப்போது மூன்றாவது வருகை. காருக்காக அல்ல, எஞ்சினுக்காக. 2,600 பேர் போன வாசல் வழியே 600 பேர் வரப் போகிறார்கள். புதிய எஞ்சின் ஆலையில் இயந்திரம் அதிகம், ஆள் குறைவு. அது இன்றைய தொழில்முறை, அதோடு மல்லுக்கு நிற்க முடியாது. ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. கழகத் தோழர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் அதைக் கூர்ந்து பார்க்கவேண்டும்.

2025 நவம்பர் 21 அன்று, ஃபோர்டு ஒப்பந்தம் வெளியாகி மூன்று வாரத்தில், மத்திய அரசின் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டப்படி 100 தொழிலாளர் உள்ள ஆலையை மூட அரசின் அனுமதி தேவை. புதிய சட்டப்படி 300 பேர் இருந்தால்தான் தேவை. அறுநூறு பேர் என்கிறார்களே, பயமென்ன என்று கேட்கலாம். அந்த அறுநூறில் மானேஜர் எத்தனை? எஞ்சினியர் எத்தனை? மேற்பார்வையாளர் எத்தனை? சட்டம் 'தொழிலாளி' என்று ஏற்கும் ஆள் எத்தனை? அந்த எண் 299-ல் நின்றால், 2021-ல் வந்த அறிவிப்பு மறுபடி வரும் நாளில், அரசு வாசலில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். மூடினால் கிடைக்கும் தொகையோ, புதிய சட்டத்திலும் அதே 15 நாள்!

ஆகவே இப்போதே கேட்கவேண்டும். உற்பத்தி தொடங்கப் போவது 2029-ல். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் அனுமதி கேட்டுக் கம்பெனி அரசின் வாசலுக்கு வந்து போகும் காலம் இது. அவர்களுக்கு நம் கையெழுத்து வேண்டியிருக்கும் காலம். 1953-ல் ஓர் அரசு 'செய்' என்று நிபந்தனை போட முடிந்ததென்றால், இன்று மாநில அரசு தரும் சலுகை ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரு நிபந்தனை எழுத முடியாதா? சட்டம் ஏற்கும் தொழிலாளி எத்தனை பேர், அதில் நிரந்தரம் எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை என்று எழுதட்டும். மூடுவதானால் எவ்வளவு காலம் முன்னதாகச் சொல்ல வேண்டும், 130 நாளுக்குக் குறையாமல் எவ்வளவு தருவார்கள் என்று எழுதட்டும். எழுதியதைச் சட்டமன்றத்தின் மேசையில் வைக்கட்டும். சலுகை மக்கள் பணம். மக்களுக்குத் தெரியாத ரகசியம் அதில் என்ன வேண்டியிருக்கிறது?

பழைய தொழிலாளர்க்கு முதலிடம் என்பதும் அந்தத் தாளில் ஒரு வரியாக இருக்கவேண்டும். 2022-ல் முப்பத்தைந்து வயதில் வெளியே வந்தவனுக்கு 2029-ல் வயது 42 ஆகும். எஞ்சின் பகுதியிலே பழகிய கை அவனுடையது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவன் வாடகைக் கார் ஓட்டியிருப்பான், ஊர் திரும்பி ஆடு வாங்கியிருப்பான், அல்லது வேறொரு ஆலையில் பாதிச் சம்பளத்துக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருப்பான். அவனுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, பதினெட்டு வயதுப் பயிற்சியாளனைக் குறைந்த கூலிக்கு வைத்துக் கொள்வது கம்பெனிக்கு லாபம். அந்த லாபத்துக்கு நம் அரசு துணை நிற்கப் போகிறதா, அவனுக்குத் துணை நிற்கப் போகிறதா?

புதூர்ப் பெரியவர் எழுந்து போகுமுன், தம் தங்கை மகனும் அந்த 2,600 பேரில் ஒருவன் என்று சொன்னார். "அவனைக் கூப்பிடுவாங்களா?" என்றார். கேட்டுச் சொல்வதாக அவரிடம் நாம் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறோம்.